16.7 மில்லி விநாடி

கேமிங் பிசி வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர், நண்பர், யூடியூப்காரர் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் பேசுவார்கள்: எத்தனை எஃப்பிஎஸ்? இந்தக் கார்டில் 90 வரும், அந்தக் கார்டில் 120 வரும் என்று பேரம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். எனக்கு அந்த எண்மீது பெரிய மரியாதை கிடையாது. விநாடிக்கு 60 ஃபிரேம் என்பது ஒரு கூட்டுக் கணக்கு. அறுபதும் சம இடைவெளியில் வந்தனவா என்பதை அது சொல்வதில்லை. 59 ஃபிரேம் கடகடவென்று வந்து, ஒன்று மட்டும் கால் விநாடி முரண்டு பிடித்தாலும் கணக்கில் 60 என்றே நிற்கும். கண் அதை ஒப்புக்கொள்ளாது. கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை இன்னும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9. அதற்குள் நாம் அழுத்திய பட்டனைக் கவனித்து, எதிரி எந்தப் பக்கம் நகர்ந்தான் என்று கணக்குப் போட்டு, நிழலையும் வெளிச்சத்தையும் தீட்டி, படத்தைத் திரைக்கு அனுப்பியாக வேண்டும். நேரம் தவறினால் பழைய படமே இன்னொரு தடவை காட்டப்படும். ஆடுகிறவர்கள் ஸ்டட்டர் என்று அலுத்துக்கொள்வது இதைத்தான். மிருதங்க வித்வானிடம் ரசிகன் முதலில் தேடுவது வேகத்தை அல்ல, காலப்பிரமாணத்தை. கணினியிடமும் நான் எதிர்பார்ப்பது அதுவே. எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்தப் பிராசஸர், எந்தக் கார்டு என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த உரைகல்லை வைத்துத்தான் பதில் சொல்வேன்.

இந்தப் பார்வையை அளவீடாக மாற்றிய பெருமையில் பெரும்பங்கு ஸ்காட் வாசனுக்கு உண்டு. அமெரிக்காவின் டெக் ரிப்போர்ட் இதழில் 2011-ல் அவர் ஒரு விநாடியைப் பிளந்து, ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே எத்தனை மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வரைந்து காட்டினார். சராசரியில் சரிசமமாக நிற்கும் இரண்டு கார்டுகள் அப்படி வரைந்து பார்க்கும்போது முற்றிலும் வேறு குணம் காட்டும். இன்று விமர்சனங்களில் மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களுக்கென்று '1 சதவீத லோ' எனத் தனியாக ஒரு பட்டை போடுகிறார்களே, அது இந்த வழியில் வந்த வாரிசு. கார்டு வாங்குமுன் நான் பார்ப்பது அந்தச் சின்னப் பட்டையைத்தான்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் விண்டோஸைத் தவிர வேறென்ன என்பதே நெடுங்காலம் பதிலாக இருந்தது. ஆட்டங்கள் மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸை நம்பி எழுதப்படுகின்றன. வேறெங்கே கொண்டுபோய் ஓட்டுவது? விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓடவைக்கும் ஒயின் திட்டம் 1993-ல் தொடங்கியது. அதன் 1.0 பதிப்பு வரவே 2008 ஆகிவிட்டது. அந்தப் பொறுமைக்கு முன் நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் புதிய முப்பரிமாண ஆட்டங்கள் அதில் தள்ளாடின. அப்போது பிலிப் ரெபோலே என்ற இளைஞர், நியர்: ஆட்டோமேட்டா ஆட்டத்தை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் எழுதத் தொடங்கியதுதான் டிஎக்ஸ்விகே. டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை வாங்கி, 2016-ல் வெளிவந்த வல்கன் என்ற திறந்த தரத்தின் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. வால்வ் நிறுவனம் அவரை உடனே அரவணைத்துக்கொண்டது. 2018 ஆகஸ்டில் ஒயினையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்து, கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் துணையோடு, புரோட்டான் என்ற பெயரில் தன் ஆட்டக் கடையான ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் விண்டோஸ் ஆட்டம் லினக்ஸில் ஓடும். ஆடுகிறவருக்கு நடுவில் நடப்பது எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அந்த நடுவில்தான் ரசிக்க வேண்டிய வேலைப்பாடு இருக்கிறது. ஆட்டம் தொடங்கியதும் டைரக்ட்எக்ஸின் டிஎல்எல் கோப்பைத் தேடும். அதே பெயரில் டிஎக்ஸ்விகே அங்கே உட்கார்ந்திருக்கும். ஆட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது. டைரக்ட்எக்ஸ் 11-ல் ஒரு பொருளை வரையுமுன், அதன் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிடும் குறு நிரலான ஷேடரைத் தனியாகச் சொல்லலாம், நிறக்கலவை விதியைத் தனியாகச் சொல்லலாம், கடைசி நொடியில் ஒன்றை மட்டும் மாற்றலாம். வல்கனிடம் அப்போது இந்தச் சலுகை கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பைப்லைனாக முன்கூட்டியே கம்பைல் செய்து கொடு என்று அது கேட்கும். எனவே மந்திரவாதி முதல்முறை நெருப்பை ஏவும்போது, அதற்கான பைப்லைன் அந்த நிமிடம்தான் தயாராக வேண்டியிருந்தது. 16.7 மில்லி விநாடி எப்போதோ கடந்துபோயிருக்கும். திரை ஒரு கணம் உறைந்து, பிறகு நெருப்பு வரும்.

இதற்கு வந்த தீர்வு என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் அழகான வேலைகளில் ஒன்று. பைப்லைனைத் துண்டுகளாகப் பிரித்துக் கம்பைல் செய்யவும், தேவைப்படும் கணத்தில் துண்டுகளை வேகமாக இணைத்துக்கொள்ளவும் வழிசெய்யும் ஒரு நீட்டிப்பு 2022-ல் வல்கனில் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 அதைக் கையில் எடுத்தது. ஆட்டம் ஷேடரை ஏற்றும்போதே துண்டுகள் தயாராகிவிடும். நெருப்பு வரும் கணத்தில் இணைப்பு மட்டும் நடக்கும். கச்சிதமாக இணைந்த வேகமான பைப்லைன் பின்னணியில் தயாராகி, சத்தமில்லாமல் இடம் மாறிக்கொள்ளும். ஒரு சராசரி எண்ணும் இதனால் கூடவில்லை. ஆனால் ஆட்டத்தின் ஓட்டம் வேறாகிவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் முன்பே, எல்டன் ரிங் வெளிவந்த 2022 பிப்ரவரியில், வால்வின் இத்தகைய உழைப்பு வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அந்த ஆட்டம் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அந்த 60-ஐயும் விண்டோஸில் விலையுயர்ந்த கணினிகள்கூடச் சீராகத் தரவில்லை. குதிரையில் புல்வெளியைக் கடக்கும்போது, புதிய பகுதி விரியும் இடத்தில், படம் இடறும். அதே வாரத்தில் வால்வின் கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக் விற்பனைக்கு வந்தது. வால்வின் பொறியாளர் பியர்-லூ கிரிஃபேயின் குழு ஆட்டத்தை ஆராய்ந்தபோது, சில இடங்களில் அது ஆயிரக்கணக்கான கட்டளை பஃபர்களை ஒரே மூச்சில் உருவாக்கி, நினைவக மேலாளரைத் திணறடிப்பது தெரிந்தது. கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒதுக்காமல், ஒதுக்கியவற்றையே கையில் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும்படி புரோட்டானில் திருத்தம் செய்தார்கள். ஷேடர் தொல்லை டெக்கில் ஏற்கெனவே குறைவு. எல்லா டெக்கிலும் ஒரே வகைச் சிப், ஒரே டிரைவர். ஓரிடத்தில் கம்பைல் ஆனதை மற்றவற்றுக்கு ஸ்டீமே டவுன்லோடு செய்து கொடுத்துவிடும். ஆட்டத்தை எழுதியவர்கள் விண்டோஸில் தராத சீரை, மொழிபெயர்த்து ஓட்டுகிறவர்கள் லினக்ஸில் தந்தார்கள்.

2022-ல் வந்த முதல் டெக்கின் உள்ளே இருப்பது பகட்டான சிப் அல்ல. ஏஎம்டியின் ஜென் 2 வகையில் நான்கு கோர், ஆர்டிஎன்ஏ 2 வகையில் எட்டு கிராபிக்ஸ் யூனிட், 16 ஜிபி ரேம். மொத்தச் சிப்பும் 15 வாட்டுக்குள் அடங்கிவிடும். 7 அங்குலத் திரையில் 1280-க்கு 800 பிக்சல் மட்டுமே தீட்ட வேண்டும் என்று முடிவெடுத்ததில்தான் வடிவமைப்பாளரின் விவேகம் இருக்கிறது. அதன் கிராபிக்ஸ் பலத்துக்கு முழு எச்டியே சுமைதான்.

அதில் எனக்குப் பிடித்த வசதி 40 ஹெர்ட்ஸ். மெனுவில் திரையின் வேகத்தை 40-க்கு இறக்கி, ஆட்டத்தையும் 40 ஃபிரேமில் கட்டிவைக்கலாம். 30-க்கும் 60-க்கும் நடுவே 45 என்றுதான் தோன்றும். நேரக்கணக்கில் பாருங்கள்: 30 ஃபிரேமில் ஒவ்வொன்றுக்கும் 33.3 மில்லி விநாடி, 60-ல் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25. அதுதான் 40 ஃபிரேம். பத்தே ஃபிரேம் கூடுதலாகக் கொடுத்து, கைக்குத் தெரியும் வித்தியாசத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறோம். பேட்டரியும் நின்று விளையாடும். ஓரத்தில் ஃபிரேம் டைம் கோட்டை எழுப்பி வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தால், 16.7-க்கும் 20-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்த கோடு 25 மில்லி விநாடியில் போய்ப் படுத்துவிடும். அதன்பின் அடி வாங்காமல் விலகி உருளும் நேரம் கைக்குப் பழகிவிடுகிறது.

மேசைக் கணினிக்கு வருவோம். சீரான ஓட்டத்துக்காகவே செய்ததுபோல ஒரு பிராசஸர் 2022 ஏப்ரலில் வந்தது: ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் உடன்பிறப்பான 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், இது 4.5-ல் நின்றுவிடும். கடிகார வேகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் 32 எம்பி கேஷ் நினைவகத்தின் தலைமேல் இன்னொரு 64 எம்பி கேஷை, ஈயப் பற்று எதுவுமின்றிச் செம்போடு செம்பாக ஒட்டியிருந்தார்கள். ஆட்டத்தின் தர்க்கம் நினைவகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடி அலையும். தேடியது கேஷில் கிடைத்தால் பத்து நானோ விநாடி அளவில் வந்துவிடும். ரேம் வரை போய்வர அதைப்போலப் பல மடங்கு ஆகும். கூட்டமான காட்சியில் பிராசஸர் காத்துக்கிடப்பது அந்தப் பயணத்துக்காகத்தான். 96 எம்பி கேஷ் பயணங்களைக் குறைத்தது, 1 சதவீத லோ உயர்ந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வெப்பம் நேராக மேலே ஏற வழி கிடைத்ததால் கடிகார வேகத்தை உயர்த்தவும் இடம் கிடைத்தது. மாடியில் இருந்ததைத் தரைக்கு இறக்கிய அந்தத் துணிச்சலை நான் மிகவும் ரசிக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டில் என் கருத்து வெளிப்படை. லினக்ஸ் என்று முடிவெடுத்தால் ஏஎம்டியின் ரேடியான். அதன் ஆர்ஏடிவி டிரைவர் திறந்த மூலம். வால்வ் பணம் போட்டு ஏசிஓ என்ற ஷேடர் கம்பைலரையும் அதற்காக எழுதவைத்தது, கம்பைல் நேரத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம். என்விடியா 2022-ல் தன் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்ட பிறகு நிலைமை தேறியிருக்கிறது என்றாலும், டைரக்ட்எக்ஸ் 12 ஆட்டங்கள் சிலவற்றில் லினக்ஸில் அது இன்னும் வேகத்தை இழக்கிறது. ரே டிரேசிங்தான் உயிர் என்பவர் என்விடியாவை வாங்கி விண்டோஸிலேயே இருக்கட்டும். திரை எதுவானாலும் ஃப்ரீசிங்க் வகை மாறும் புதுப்பிப்பு வேகம் இருந்தே ஆக வேண்டும். ஃபிரேம் எப்போது தயாரோ அப்போது திரை புதுப்பித்துக்கொள்ளும். சின்னச் சின்னத் தாமதங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்யக் கொடுக்கிறவர்கள் 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்க வேண்டாம். 8 ஜிபியில் இரண்டாகக் கேளுங்கள், இரண்டு சேனலும் வேலை செய்யும். 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேம் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை இயக்கும்வரை பெரும்பாலும் 4800-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரையும் செட்டிங்ஸில் மாற்றாவிட்டால் 60-லேயே நின்றுவிடக்கூடும். நம் கோடையில் சிப் சூடேறி வேகத்தை ஏற்றி இறக்கத் தொடங்கினால் வாங்கிய சீரெல்லாம் வீண். கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலைக்கதவு போதும். கார்டின் மின் வரம்பைச் சற்றே குறைத்து வைத்தால் சூடும் மின்விசிறிச் சத்தமும் நன்றாகவே இறங்கும். இழக்கும் ஃபிரேம்கள் சொற்பம்.

லினக்ஸ் எல்லோருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வேலரன்ட் ஆடுகிறவருக்கு விண்டோஸ்தான். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் அதன் வேன்கார்ட் காவல் மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் அமர்ந்து வேலை செய்வது, புரோட்டானால் அதைக் கடக்க முடியாது. ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி 2024-ல் அதன் நிறுவனமே லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. மற்ற காவல் மென்பொருள்களில் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் புரோட்டானை ஆதரிக்கின்றன, ஆட்டத்தின் நிறுவனம் மனம்வைத்தால் போதும். தனியாள் ஆட்டங்களையே விரும்பி ஆடுகிறவருக்கு இந்தத் தடை அநேகமாக எதிர்ப்படாது. அவர் ரேடியான் கார்டு உள்ள கணினியில், ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பசைட்டைப் போட்டுப் பார்க்கலாம். டெக்கின் அதே முகப்பு வீட்டு டிவியில் வந்து நிற்கும்.

விண்டோஸ் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2025 அக்டோபரில் வந்த ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அல்லை கையடக்கக் கணினியில், ஆட்டம் டவுன்லோடு ஆகும்போதே கம்பைல் செய்த ஷேடர்களையும் சேர்த்து இறக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்திருக்கிறது. டெக் ஏற்கெனவே செய்துவருகிற அதே யோசனை. கையடக்கக் கருவியில் சிப் வகைகள் மிகச் சிலவே என்பதால் இது எளிது. ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர் என்றிருக்கும் மேசைக் கணினிகளுக்கும் இதைக் கொண்டுவருவதுதான் கடினமான வேலை.