என்விடிஏ: கல்லூரி இணையதளத்தைக் காதால் சோதிக்கும் கருவி

என்விடிஏ விண்டோஸ் கணினிகளுக்கான இலவசத் திரைவாசிப்பான். திரையில் உள்ளதைக் குரலாகவும், பிரெய்ல் காட்டி இணைத்திருந்தால் பிரெய்ல் புள்ளிகளாகவும் மாற்றித் தருகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் இதை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை அதிகமான திரைவாசிப்பான்களை வாங்க முடியாதவர்களுக்காக உருவான இந்த மென்பொருளின் மூலநிரல் திறந்தது. இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது. பார்வையற்ற மாணவர்களின் அன்றாடக் கருவியான இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தன் இணையதளம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டுகிறதா என்று அறிய விரும்பும் எந்தக் கல்லூரியும் ஒரு ரூபாய் செலவில்லாமல் இதைக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். இங்கு மதிப்பிடப்படுவது அந்தப் பயன்தான்.

நிறுவுவது எளிது. கணினி ஆய்வகத்தில் நிறுவ அனுமதி இல்லையென்றால் பென் டிரைவிலிருந்தே இயக்கும் பதிப்பும் உண்டு. கட்டளைகள் பெரும்பாலும் இன்செர்ட் விசையைச் சார்ந்தவை. மடிக்கணினியில் கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கூடவே வரும் இஸ்பீக் குரல் தமிழ் பேசும். ஆனால் அது இயந்திரத்தனமான குரல். பழகாத காதுக்கு முதல் அரை மணி நேரம் கடினமாகவே இருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்க் குரலைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற ஆண்குரல் கிடைக்கும். அது கேட்க இதமானது. அனுபவமுள்ள பயனர்கள் பலர் இஸ்பீக்கை விரும்புவதற்குக் காரணம் வேகம்: பலமடங்கு விரைவாக ஓட்டினாலும் சொற்கள் சிதைவதில்லை.

பார்வையுள்ள சோதனையாளர் முதலில் திறக்க வேண்டியது கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுக் காட்டி. பேசுவது அத்தனையும் ஒரு சிறு சாளரத்தில் எழுத்தாக ஓடும். அதை நகலெடுத்து இணையதளப் பொறுப்பாளருக்கு அப்படியே அனுப்பலாம். அடுத்து, சுட்டியை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். சோதனை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

வாசிக்கும் நிலையில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே விசைக்கு அடுத்த இணைப்பு, டி விசைக்கு அடுத்த அட்டவணை. இன்செர்ட்டுடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வந்து நிற்கும். ஒரு கல்லூரித் தளத்தின் தரம் இந்தப் பட்டியலிலேயே பாதி தெரிந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் தலைப்பு ஆகிவிடும் என்று நினைத்துக் கட்டிய பக்கத்தில், 'அடுத்த தலைப்பு இல்லை' என்ற பதில்தான் வரும். இருபது அறிவிப்புகளுக்கும் 'இங்கே சொடுக்கவும்' என்றே இணைப்பு வைத்திருந்தால், பட்டியலில் அதே சொற்கள் இருபது முறை நிற்கும். எது தேர்வு அட்டவணை, எது விடுதிக் கட்டணம் என்று அறிய வழியில்லை. படத்தைச் சொற்களால் விவரிக்கும் மாற்று உரை இல்லாத படத்தை இணைப்பாக வைத்திருந்தால், என்விடிஏ கோப்பின் பெயரையும் எண்களையும் ஒப்பிக்கும். சுட்டி மேலே நின்றால் மட்டும் விரியும் துறைப் பட்டியல் விசைப்பலகைக்கு விரியவே விரியாது. அங்கே தடைபடுவது பார்வையற்றவர் மட்டுமல்ல. கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க முடியாதவரும் அதே இடத்தில் நின்றுவிடுகிறார்.

தமிழ்ப் பக்கங்களில் இரண்டு சிக்கல்கள் கூடுதல். முதலாவது மொழிக் குறியீடு. பக்கத்தின் மொழி எது என்று நிரலில் குறித்தால், குரலை அதற்கேற்ப என்விடிஏ தானே மாற்றிக்கொள்ளும். ஆயத்த வார்ப்புருக்களில் ஆங்கிலம் என்ற குறியீடு ஏற்கெனவே இருக்கும். அதை மாற்றாமல் தமிழ் உரையைக் கொட்டினால், ஆங்கிலக் குரல்கள் பல தமிழ் எழுத்துகளை மௌனமாகக் கடந்து தேதிகளையும் எண்களையும் மட்டும் சொல்லும். திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல். இருமொழிப் பக்கமானால் மொழி மாறும் ஒவ்வொரு பத்திக்கும் தனிக் குறியீடு வேண்டும்.

இரண்டாவது, சுற்றறிக்கைகள். இங்குதான் நம் கல்லூரித் தளங்கள் மிக மோசமாகத் தோற்கின்றன. தட்டச்சு செய்து, அச்செடுத்து, முதல்வரிடம் கையொப்பமும் முத்திரையும் பெற்று, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுவது வழக்கம். கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு வெறும் படம். என்விடிஏவுக்கு அந்த ஆவணம் காலியானது. படத்திலிருந்து எழுத்தை உணரும் வசதி இதில் உண்டென்றாலும் அது விண்டோஸ் தரும் திறனைச் சார்ந்தது. தமிழுக்கு அதை நம்பியிருக்க முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம் இன்னும் மோசம். அங்கே தமிழ் வடிவங்களுக்கு அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் அவற்றைத்தான் உச்சரிக்கும். கேட்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுவிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் அறிவிப்பு வெளியிடுவதற்குப் பழக்கம் தவிர வேறு காரணம் இல்லை. தீர்வு கடினமானதல்ல. ஒருங்குறியில் தட்டச்சு செய்த உரையை இணையப் பக்கமாகவே வெளியிட்டு, கையொப்பமிட்ட படியைத் துணையாக இணைக்கலாம். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால், தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்தி எழுதிய சொல்செயலிக் கோப்பிலிருந்து நேரடியாகச் சேமிக்க வேண்டும்.

கட்டண விவரங்களை அட்டவணையில் சோதிக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் அம்புக்குறி விசைகளைச் சேர்த்து நகர வேண்டும். தலைப்புக் கட்டங்கள் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால், 'இரண்டாம் ஆண்டு' என்று நெடுவரிசையின் பெயரைச் சொல்லிவிட்டுத் தொகையைச் சொல்லும். இல்லையென்றால் வெறும் எண்கள் காதில் விழும்.

சேர்க்கை விண்ணப்பப் படிவத்துக்கு அதிக நேரம் ஒதுக்குவது நியாயம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்குகிறது. விண்ணப்பத்தையே நிரப்ப முடியாவிட்டால் அந்த ஒதுக்கீடு காகிதத்தில்தான் இருக்கும். எஃப் விசை ஒவ்வொரு புலமாக நகர்த்தும். பெயர்ச்சீட்டு நிரலில் இணைக்கப்படாத புலத்தில் 'திருத்து, காலி' என்ற அளவிலேயே பதில் வரும். கேட்பது தந்தை பெயரா, பிறந்த தேதியா என்று தெரியாது. தவறாக நிரப்பிய புலத்தைச் சிவப்பால் மட்டும் காட்டினால் என்விடிஏ எதுவும் சொல்லாது. நிறக்குறைபாடு உள்ளவருக்கும் அது தெரியாமல் போகலாம். படத்தில் உள்ள கோணல் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சா, ஒலி வடிவமோ வேறு வழியோ இல்லாதபோது, கடைசிப் படியில் கதவை மூடிவிடுகிறது.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் இருக்க இவ்வளவு உழைப்பு ஏன் என்று கேட்கலாம். வெப்எய்ம் அமைப்பின் வேவ் உலாவி நீட்சி நல்ல துணை. விடுபட்ட மாற்று உரை, பெயர்ச்சீட்டு இல்லாத புலம், மங்கிய நிறங்கள் ஆகியவற்றை நொடியில் காட்டும். ஆனால் பட்டமளிப்பு விழாப் படத்துக்கு 'படம்1' என்று மாற்று உரை எழுதியிருந்தால், அதன் பொருத்தமின்மையை எந்த நீட்சியும் முழுமையாகக் கண்டுபிடிக்காது. பாமினி உரைக்கும் அதே நிலைதான். காதால் கேட்டவருக்குத்தான் அது உறைக்கும். வேவை முதலில் ஓட்டி எளிய பிழைகளைக் களைந்துவிட்டு, என்விடிஏவுக்கு வருவதே சரியான வரிசை.

என்விடிஏ எட்டாத பகுதிகளும் உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாட்டை அது அளக்காது. இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற விகிதத்தைக் கேட்கின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து அதன் அருகில்கூட வராது. முகப்பில் ஓடும் எழுத்துகள் ஐந்து வினாடிக்கு மேல் தானாக ஓடினால் நிறுத்தும் வசதி வேண்டும் என்பதையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். குறைபார்வை உள்ளவருக்காகப் பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, எதுவும் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். காணொளிகளுக்கு வசன வரிகள் இல்லாவிட்டால் காது கேளாத மாணவருக்கு அவை பயன்படா. அதையும் இந்தக் கருவி சுட்டாது. கைபேசியில் என்விடிஏ இயங்காது என்பதால், மாணவர்கள் மிகுதியாகத் தளத்தைத் திறக்கும் ஆண்ட்ராய்டில் அதனுடனேயே வரும் டாக்பேக்கை இயக்கி, குறைந்தது விண்ணப்பப் படிவத்தையும் தேர்வு முடிவுப் பக்கத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும். பார்வையுள்ளவர் கற்றுக்கொண்டு செய்யும் சோதனை நிரல் பிழைகளைக் காட்டும். தினமும் திரைவாசிப்பானோடு வாழும் மாணவர் எங்கே குழம்புகிறார் என்பதை அது காட்டாது. கல்லூரியிலேயே அத்தகைய மாணவர்கள் இருந்தால் அவர்களிடம் தளத்தைக் கொடுத்து, அந்த உழைப்புக்கு ஊதியமும் தருவது நல்லது.