ருவாண்டாவின் வாய்மொழிக் கவிதையும் அதன் ஆராய்ச்சியாளரும்

மத்திய ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளுக்கு நடுவே, குன்றுகள் நெருங்கிக் கிடக்கும் சிறு நாடாகிய ருவாண்டாவைப் பற்றி நம்மவர் அறிந்தது பெரும்பாலும் 1994ஆம் ஆண்டின் கொடுமையோடு தொடங்கி அதனோடே முடிந்துவிடுகிறது. அந்நாட்டு அரசவையில் தலைமுறை தலைமுறையாகப் புலவர் பரம்பரை ஒன்று செழித்திருந்ததையும், அரசனையும் வீரனையும் மட்டுமன்றி மாட்டையும் காவியத்துக்கு உரிய பொருளாக்கிய செய்யுள் வகைகள் அங்கே வழங்கியதையும், அவற்றைத் தொகுத்தும் பதிப்பித்தும் விவாதித்தும் ஓர் ஆராய்ச்சித் துறையே வளர்ந்திருப்பதையும் அறிந்தவர் சிலரே. அத்துறையின் சரித்திரத்தைத் தொடர்ந்து பார்த்து வருவோருக்கு ஒன்று தெளிவாகப் புலப்படும்: பாட்டைப் பாட்டென்று காதுகொடுத்துக் கேட்பதற்கு முன்னரே, அதைச் சரித்திரத்தின் சாட்சியாகக் கூண்டிலேற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் நேர்ந்த குறை இன்றளவும் முற்றிலும் நீங்கியபாடில்லை.

வெள்ளை அங்கி காரணமாக வெள்ளைப் பாதிரிமார் என்று பெயர்பெற்ற கத்தோலிக்க சங்கத்தார் 1900இல் சாவே என்னுமிடத்தில் தம் முதல் மடத்தை நிறுவினர். மக்களை மதம் மாற்ற வந்தவர்கள் அவர்களுடைய கதைகளையும் பழமொழிகளையும் குறித்துக்கொள்ளலாயினர். உரேல் பாதிரியார் 1922இல் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். பாஜேஸ் பாதிரியார் 1933இல் அரசமரபின் வரலாற்றை விரிவாக எழுதினார். துத்சி வகுப்பார் வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஹாமிய இனத்தவர் என்ற அக்காலத்து ஐரோப்பியக் கொள்கையை இவர்களுள் பெரும்பாலோர் ஐயமின்றி ஏற்றுக்கொண்டார்கள். கேட்ட கதைகளை எல்லாம் அக்கொள்கைக்கு இசைய அடுக்கியும் வைத்தார்கள். சேகரித்தவர்களின் உழைப்பு மெய்யானது, வியாக்கியானம் விஷமாயிற்று.

துறையை உண்மையில் உருவாக்கியவர் அந்நாட்டவரேயான அலெக்சி ககாமே என்னும் குரு. 1912இல் பிறந்து 1941இல் குருப்பட்டம் பெற்ற இவர், அரசவையின் நினைவுகளைக் காத்துவந்த வமிசத்தைச் சேர்ந்தவர். லத்தீனும் இறையியலும் கற்பித்த குருமடத்தில் பயின்றுகொண்டே, முதிர்ந்த புலவர்களைத் தேடிச்சென்று அவர்கள் நெஞ்சில் இருந்தவற்றை ஏட்டில் ஏற்றத் தொடங்கினார். அரச முரசாகிய கரிங்காவின் பெயரைத் தாங்கிய இவரது சரித்திர நூல் 1940களில் கின்யருவாண்டா பாஷையிலேயே வெளிவந்தது; 170க்கு மேற்பட்ட அரசமரபுப் பாடல்களை வகைப்படுத்திக் காட்டிய ஆராய்ச்சி நூல் 1951இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. பழைய அரசியல் அமைப்பைப் பற்றிய அடுத்த நூல் அப்போது நாட்டை ஆண்ட பெல்ஜிய அதிகாரிகளுக்கு உவப்பாக இல்லாமற் போகவே, ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். அந்தத் தண்டனையை வரமாக மாற்றிக்கொண்டு, தம் தாய்மொழியின் இலக்கணப் பாகுபாடுகளிலிருந்து ஒரு தத்துவ தரிசனத்தை வடித்தெடுக்கும் ஆய்வை அங்கே முடித்து, 1956இல் அதனை நூலாக்கினார். 1981இல் மறையும் வரை அவர் பேனா ஓயவில்லை.

ககாமே வெறும் தொகுப்பாளர் அல்லர், தாமும் புலவர். படைப்பு முதல் மீட்பு வரையுள்ள கிறிஸ்தவ வரலாற்றை மாட்டுப் புகழ்ச்சிப் பாடல்களின் பாணியில் ஒரு பெருங்காவியமாகப் பாடினார். அதைக்காட்டிலும் சுவையானது, பன்றியிறைச்சியின் பெருமையை அரசமரபுப் பாடலின் கம்பீர நடையில் பாடி அவர் வெளியிட்ட நகைச்சுவைக் கவிதை. உருளைக்கிழங்குக்கு ருசியூட்டுவது எதுவோ அதுவே பாட்டின் தலைவன். பசுவைத் தவிர மற்றொரு பிராணியைப் பாட்டுக்கு அருகில் அண்டவிடாத சம்பிரதாயத்தில் பிறந்த ஒருவர் இதைச் செய்தாரென்பதே அந்தச் சம்பிரதாயத்தில் அவருக்கிருந்த உரிமைக்குப் போதிய அத்தாட்சி.

அரசவை இலக்கியத்தில் மூன்று வகைகள் தலையாயவை. அரசர்களைப் பாடும் இபிசிகோ, வீரன் தன்னைத்தானே புகழ்ந்து மூச்சுவிடாமல் முழங்கும் இப்யிவுகோ, மாடுகளைப் பாடும் அமசினா யிங்கா என்பன அவை. நீண்ட கொம்புகளுடைய இன்யாம்போ என்னும் அரச மந்தைகளுக்கென்றே மாட்டுப் பாடல்கள் இயற்றப்பட்டன. அவற்றில் பசு பால் தரும் சாதுவான பிராணியாக வருவதில்லை. போர்க்களத்தில் முன்னணியில் நிற்கும் வீரனாகவே வருகிறது. கொம்பு ஆயுதமாகிறது, மந்தை சேனையாகிறது, மேய்ச்சல் நிலத்துக்குச் செல்வது படையெடுப்பாகிறது. ஒவ்வொரு மந்தையும் ஏதேனும் ஒரு படைப்பிரிவோடு சேர்த்து எண்ணப்பட்ட அந்நாட்டு ஏற்பாட்டை அறிந்தவருக்கு இதை வெறும் கற்பனை அலங்காரமென்று தள்ளிவிட மனம் வராது.

இபிசிகோவோ எளிதில் பிடிபடாத வகை. அரசன் பெயரை நேரே சொல்லாமல் மறைப்பதே அதன் கலை. வெல்லுதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து ஓர் அரசனின் பெயர் பிறந்திருந்தால், புலவர் அதே பொருள் தரும் வேறொரு வினையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு புதுப்பெயர் ஆக்குவார். அல்லது அவன் பெயரோடு ஒலியொத்த வேறொரு பொருளைச் சுட்டிவிட்டு, அப்பொருளோடு தொடர்புடைய இன்னொன்றுக்குத் தாவுவார். இவ்வாறு இரண்டு மூன்று படிகள் ஏறிய பின்னரே கேட்பவனுக்கு யார் பாடப்படுகிறார் என்பது விளங்கும். இந்த மறைப்பு முறைகளை இனம் பிரித்து விளக்கியது ககாமே செய்த பணிகளில் மிக நுட்பமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அவரோடு வாதாடியது இதைக் குறித்தல்ல, ஆண்டுக்கணக்கைக் குறித்தே.

அந்த வாதத்தின் வேர் உப்விரு என்னும் ரகசிய விதிகளில் இருக்கிறது. அபிரு எனப்பட்ட சடங்குக் காவலர்கள் இவ்விதிகளை ஓரெழுத்தும் பிசகாமல் மனப்பாடம் செய்து, பகுதி பகுதியாகத் தம் குடும்பங்களுக்குள் காத்துவந்தார்கள். அரசர்களின் பட்டப்பெயர்கள் ஒரு சுழற்சியில் வரவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. முத்தாரா அல்லது சிரிமா என்ற பெயருடையவன் மாடுகளுக்குரிய அரசன். அவனுக்குப்பின் வரும் கிகெரியும் மிபம்ப்வேயும் போருக்குரியவர்கள். நான்காவதாகிய யூஹி நெருப்புக்குரியவன், அவன் நியாபரோங்கோ நதியைக் கடக்கலாகாது. பிறகு சக்கரம் மீண்டும் முதலிலிருந்து சுழலும். காலத்தை இவ்வாறு வட்டமாகக் கண்டவர்களுடைய நினைவுகளிலிருந்து நேர்க்கோடான ஆண்டுகளைப் பெறவேண்டுமென்று ககாமே முனைந்தார். தலைமுறைக்கு 33 ஆண்டு என்று வகுத்துக்கொண்டு, கிரகணக் குறிப்புகளையும் துணைக்கழைத்து, ஆதி அரசனாகிய கிஹங்கா 1091இல் பட்டமேறினான் என்று கணித்தார். பாடப்புத்தகங்கள் இவ்வாண்டுகளை வேதவாக்காக ஏற்றுக்கொண்டன.

பெல்ஜிய நாட்டினரான ஜான் வான்சினா அதனை ஏற்கவில்லை. 1950களின் இறுதியில் ருவாண்டாவில் ஆராய்ச்சிப் பொறுப்பேற்று, நூற்றுக்கணக்கான அரசவைச் சரித்திரக் கதைகளை எழுதுவித்துச் சேகரித்த இவர், வாய்மொழி மரபைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலினால் ஆப்பிரிக்கச் சரித்திர ஆராய்ச்சி முழுமைக்கும் ஒரு முறைமையை வகுத்துத் தந்தவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2001இல், தம் பழைய சேகரிப்புகளுக்கே திரும்பிவந்து எழுதிய நூலில், நியிகின்யா என்னும் அந்த அரசமரபின் ஆட்சி உண்மையில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது என்றும், அதற்கு முந்திய அரசர்களைக் கொண்டு கட்டிய ஆண்டுக்கணக்கு நிலைக்காது என்றும் வாதித்தார். கிரகணத்தைக் கொண்டு காலங் கணிப்பவர், எந்தக் கிரகணம் என்று முதலில் நிலைநாட்டியாக வேண்டும்; அங்கேதான் கட்டடம் ஆட்டங்கண்டது. வான்சினாவின் பக்கமே நியாயம் அதிகமென்று தோன்றுகிறது. ஆயினும் இருவரும் ஒரே வழக்கில் எதிரெதிர் வக்கீல்களாக நின்றவர்களே. பாட்டு இருவருக்கும் சாட்சிதான்.

பாட்டின் ஓசைக்குச் செவிசாய்த்தவர்கள் வேறிருவர். பெல்ஜிய மொழியியலாளர் அந்திரே கூப்பேயும் ருவாண்டா அறிஞர் தோமா கமான்சியும் இணைந்து, ககனீஷா என்ற கதைசொல்லியின் வாய்மொழியாகவே சரித்திரக் கதைகளை 1962இல் பதிப்பித்தார்கள். சொன்னவர் பெயரைத் தலைப்பிலேயே பொறித்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது. 1970இல் அவர்கள் வெளியிட்ட அரசவை இலக்கியத் தொகுதி இத்துறையின் சிகரமென்றால் மிகையாகாது. கின்யருவாண்டாவில் உயிரெழுத்தின் குறில் நெடில் வேறுபாடும், குரல் ஏறுவதும் இறங்குவதும் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். பாதிரிமார் வகுத்து இன்றும் வழங்கிவரும் எழுத்துமுறையோ இவ்விரண்டையும் காட்டுவதில்லை. கூப்பேயும் கமான்சியும் நெடிலை இரட்டித்தும் சுரத்தைக் குறியிட்டும் பாட்டை அச்சேற்றினார்கள். மாட்டுப் பாடல்களின் யாப்பு மாத்திரைக் கணக்கினால் இயங்குவது அதன்பின்னரே அச்சில் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை அவற்றை வசனமாகவே வாசித்திருந்தார்கள் பலர்.

அரசவைக்கு வெளியே குடியானவர் குடிசைகளில் இரவில் அடுப்பைச் சுற்றிச் சொல்லப்பட்ட கதைகளுக்கு இவ்வளவு கௌரவம் கிடைக்கவில்லை. தந்திரக்கார முயல் பகாமே, பெருந்தீனிக்காரன் செப்வுகுகு முதலியோர் அக்கதைகளின் நாயகர்கள். பெல்ஜிய ஆட்சிக்குட்பட்ட ஆப்பிரிக்காவில் மேற்றிராணியாராக உயர்ந்த முதல் ஆப்பிரிக்கரான அலோய்ஸ் பிகிரும்வாமி, கதைகளையும் விடுகதைகளையும் சடங்குகளையும் தாய்மொழியிலேயே தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பியேர் ஸ்மித் 1975இல் நாட்டுக்கதைகளை மூலத்தோடு பதிப்பித்தார். 1979இல் வந்த பழமொழித் தொகுதி நாலாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொண்டது. இக்கதைகளைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அரசமரபுப் பாடலுக்கு மூலகுருவாக நியிரருமகா என்ற அரசமாதாவையே மரபு குறிப்பிடுகிறது என்றாலும், பெண்கள் வாய்மொழியைத் தனித்தெடுத்து ஆராய்ந்த நூல்கள் அருகியே காணப்படுகின்றன.

1994இன் இனப்படுகொலை இந்த ஆராய்ச்சியாளர்களையும் விட்டுவைக்கவில்லை. கவிஞரும் நடனக் குழுவொன்றின் ஸ்தாபகரும், புத்தாரே நகரத் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்தியவரும், அரசமரபுக் கவிதைக்கும் சரித்திரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நூலெழுதியவருமான சிப்ரியேன் ருகம்பா, ஏப்ரல் 7ஆம் தேதி மனைவி மக்களுடன் கொல்லப்பட்டார். மறுபுறத்தில், வடமேற்குச் சிற்றரசுகளின் வாய்மொழி மரபுகளை ஆராய்ந்து அரசவையின் ஒருதலைப் பார்வையைக் கண்டித்த சரித்திரப் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் நஹிமானா, பகைமை பரப்பிய வானொலி நிலையத்தை நிறுவியவர்களுள் ஒருவராக, ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தால் 2003இல் தண்டிக்கப்பட்டார். அரசவை மரபு ஒருதலையானது என்ற அவரது ஆராய்ச்சிக் கருத்தில் உண்மை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த உண்மை எதற்குத் துணைபோயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே நீதிமன்றத்தில் பாட்டும் சொல்லுக்குச் சொல்லாகவே கூண்டேறியது. பழைய பாட்டு மெட்டுகளையும் பழமொழிகளையும் கையாண்டு புகழடைந்த பாடகர் சீமோன் பிக்கிண்டியின் பாடல்களுக்கு அறிஞர்கள் அங்கே மாறுபட்ட உரைகளை வழங்கினார்கள். 2008இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், பாடல்கள் சரித்திரத்தைத் திரித்து ஹூத்து வகுப்பாரின் ஒற்றுமையைத் தூண்டப் பயன்பட்டன என்று கண்டும், கொலைக்குத் தூண்டும் நோக்கத்துடனேயே அவை இயற்றப்பட்டன என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று கருதி, அவர் ஒலிபெருக்கியில் விடுத்த அறைகூவலுக்காகவே பதினைந்தாண்டுச் சிறை விதித்தார்கள். குறிப்பாகச் சொல்வதையே கலையாகப் பயின்ற ஒரு மரபின் பாட்டில் எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்று சட்டத்தின் பாஷையில் வரையறுப்பது எத்துணைக் கடினமென்பதை இவ்வழக்கைப்போல் விளக்கும் ஆராய்ச்சி நூல் வேறில்லை.

பின்னர் ஆராய்ச்சியின் போக்கு திரும்பிற்று. 1998இல் பல ஆப்பிரிக்க நாடுகளின் எழுத்தாளர்கள் கிகாலியில் கூடித் தங்கினார்கள். செனகல் நாட்டு பூபக்கர் போரிஸ் தியோப் எழுதிய முராம்பி நாவல் உள்ளிட்ட பல நூல்கள் அதன் பயனாக வெளிவந்தன. உயிர்தப்பியோரின் சாட்சியங்களும் நாவல்களும் இப்போது இத்துறையின் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் இன்று ருவாண்டா இலக்கியம் என்றாலே இதைத்தான் குறிக்கிறார்கள். இவ்வாராய்ச்சி அவசியமானதே, ஆனால் பெரும்பாலும் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டுமே போதுமானதாக இருப்பதால், கின்யருவாண்டா கற்கும் சிரமத்தை ஆராய்ச்சியாளர் பலர் மேற்கொள்வதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ருவாண்டா எழுத்தாளர் ஸ்கொலாஸ்டிக் முகசோங்காவின் நூல்களைப் படிக்கும்போது இக்குறை உறைக்கிறது. 2008இல் தம் தாயைப் பற்றி அவர் எழுதிய நூலில் தாய் சொன்ன கதைகளும் சோள அறுவடைச் சடங்குகளும் நிறைந்திருக்கின்றன. 2020இல் வந்த கிபோகோ நாவலிலோ, மழைக்காகத் தன்னை ஈந்து வானேறிய அரசகுமாரனின் கதையைத் தேடிவரும் வெள்ளைக்காரப் பேராசிரியரே ஏளனத்துக்கு இலக்காகிறார். கிழவர்களும் கிழவிகளும் அவருக்கு என்ன சொல்வது, எதை மறைப்பது என்று முடிவு செய்கிறார்கள். சேகரிக்கப்பட்டவர்கள் சேகரித்தவர்களைப் பார்த்த பார்வை இதில் பதிவாகியிருக்கிறது. ஆராய்ச்சி நூல்கள் எதிலும் அது இடம்பெற்றதில்லை.

மொழிக்கும் அரும்பொருட்சாலைகளுக்கும் ஆவணங்களுக்கும் தனித்தனியே இருந்த நிறுவனங்களை ஒன்றுசேர்த்து 2020இல் ருவாண்டாவில் அமைத்த பண்பாட்டுக் கழகத்துக்கு, பெல்ஜியத்தின் தெர்வூரன் அரும்பொருட்சாலை தன்னிடமிருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளின் பிரதிகளை 2021இல் ஒப்படைத்தது. இனங்கா என்னும் நரம்புக்கருவியுடன் பாடிய பாட்டுகள் அவற்றில் உண்டு. கூப்பேயும் கமான்சியும் செய்ததுபோல் நெடிலும் சுரமும் குறித்து அவற்றை எழுத்தாக்கும் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே. பாடல்களில் வரும் மாட்டுப் பெயர்களையும் படைப்பிரிவுப் பெயர்களையும் கேட்டமாத்திரத்தில் இனங்காணும் முதியோரோ ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். நாவலைப் பற்றி இன்னொரு நூல் எழுதுவதைக் காட்டிலும் இந்த வேலைதான் முந்தி நடக்கவேண்டும்.