வினையும் தாக்கமும்: பள்ளி வேதியியற் கலைச்சொற்கள் குறித்து ஒரு திறனாய்வு

மேல்நிலை வகுப்பு வேதியியலில் மாணவர் பெரிதும் இடர்ப்படும் பகுதிகள் வேதிவினை, அதனோடு இயைந்த ஆற்றல் மாற்றம், சமநிலை ஆகியன. பொருளின் நுட்பமே இடர்ப்பாட்டிற்குக் காரணம் என வேதியியலார் கூறுவர். அது உண்மையே. ஆயினும் அந்நுட்பத்தைத் தாங்கி வரும் சொற்களும் தொடர்களும் இடர்ப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வல்லன என்பது மொழியியலார் அறிந்த செய்தி. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்களின் சொல்லாட்சியை இலங்கைத் தமிழ்வழிக் கல்வியின் சொல்லாட்சியோடு ஒப்புநோக்கி, இக்கட்டுரை சில கருத்துகளை முன்வைக்கின்றது.

வேதியியலைத் தமிழில் எழுதும் முயற்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875இல் ‘கெமிஸ்தம்’ எனும் நூலை வெளிக்கொணர்ந்தார். ஆங்கிலச் சொல்லை எடுத்து, ‘அம்’ ஈறு கொடுத்துத் தமிழ்ப் பெயராக்கிய முறையே ஓர் ஆய்வுக்குரியது. 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொல் ஆக்கத்திற்கெனக் கழகம் கண்டனர். 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையிலான குழு வடசொற் சார்பை மேற்கொண்டபோது எழுந்த எதிர்ப்பும் பலர் அறிந்ததே. அவ்வாதங்களெல்லாம் சொல்லின் பிறப்பைப் பற்றியன. சொல் வகுப்பறையில் என்ன செய்கின்றது என்ற வினா அன்று பெரிதும் எழவில்லை. இன்றும் போதிய அளவு எழவில்லை என்பதே என் கருத்து.

முதற்கண் அடிப்படைச் சொல்லைக் காண்போம். தமிழ்நாட்டில் ‘வினை’; இலங்கையில் ‘தாக்கம்’. ‘தாக்கம்’ என்பது ஒன்று மற்றொன்றின்மேல் செயற்படுதலைக் குறிக்கும். அமிலமும் உலோகமும் சேருமிடத்து இது பொருந்தும். சுண்ணாம்புக்கல் சூட்டினால் தானே சிதையுமிடத்து, தாக்குவது எது, தாக்கப்படுவது எது? மேலும், தமிழ்நாட்டு இதழியல் மொழியில் ‘தாக்கம்’ என்பது விளைவு, பாதிப்பு எனும் பொருளில் வேரூன்றிவிட்டது. ‘வினை’ இத்தகைய இரு புறத் தொடர்பையும் வேண்டுவதில்லை. இலக்கணத்தார்க்கு அது வினைச்சொல்லையும் பொதுமக்களுக்கு ஊழ்வினையையும் நினைவூட்டுமெனினும், சூழலே பொருளைத் தெளிவாக்கிவிடும். இவ்வகையில் தமிழ்நாட்டார் தேர்வே சிறந்தது.

ஆனால் அதன் வழித்தோன்றல்களை அவ்வாறு பாராட்ட இயலவில்லை. வினைக்கு உட்படுவன ‘வினைபடு பொருள்கள்’. தோன்றுவன ‘வினைவிளை பொருள்கள்’. இரண்டும் ஒரே முதனிலையோடு தொடங்கி ஒரே சொல்லோடு முடிகின்றன. நடுவே நிற்கும் ‘படு’, ‘விளை’ எனும் ஈரசைகளே வேறுபாட்டைச் சுமக்கின்றன. செவிவழிக் கேட்கும் மாணவனுக்கு இது பெருஞ்சுமை. அன்றியும், மீள்வினையில் அம்மோனியா தோன்றும் பொருளாகவும் சிதையும் பொருளாகவும் ஒருங்கே இருக்கின்றது. ‘படு’ என்னும் துணைவினை, ‘செயப்படுபொருள்’ போல, நிலையான ஒரு பங்கினை ஏற்றிவிடுவதால் இவ்விருநிலை மறைந்துபோகின்றது. இலங்கையாரின் ‘தாக்கி’, ‘விளைபொருள்’ என்பன ஒலியால் தெளிவாக வேறுபடுகின்றன. இங்கு அவர்க்கே முதன்மை தரவேண்டும்.

இனிச் ‘சமநிலை’. இரு நாட்டார்க்கும் பொதுவான சொல் இது. இந்தியிலும் ‘சாம்யாவஸ்தா’ என்று அதே அடியில் அமைந்துள்ளது. செருமானியச் சொல்லும் ‘சம எடை’ என்றே பொருள்படும். இலத்தீன் மூலமும் சமத்தையும் துலாக்கோலையும் இணைத்ததே. ஆகவே மொழிபெயர்ப்பில் பிழையில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலவழி மாணவனுக்கு ‘ஈக்விலிப்ரியம்’ ஒளிபுகாச் சொல். ஆசிரியர் கூறும் பொருளையே அது ஏற்கும். தமிழ்வழி மாணவனுக்குச் ‘சமநிலை’ தானே பேசும் சொல். எதுவோ சமமாக இருக்கின்றது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகின்றது. எது சமம்? முன்னோக்கு வினையின் வேகமும் பின்னோக்கு வினையின் வேகமும். மாணவனோ பொருள்களின் செறிவு சமம் என்று கொள்கின்றான். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும் வினையில், 450 பாகை செல்சியசில் 200 வளிமண்டல அழுத்தத்திலும் கலவையில் பாதியளவுகூட அம்மோனியா ஆவதில்லை. எனினும் அது சமநிலையே. செறிவுகள் மாறாதிருத்தல் ஒன்று, சமமாயிருத்தல் மற்றொன்று. இக்குழப்பம் ஆங்கிலவழி மாணவரிடையேயும் காணப்படுவதே. ஆனால் தமிழில் சொல்லே அதற்குத் துணைபோகின்றது. இயற்பியலில் அசையாது நிற்கும் பொருளுக்கும் இதே ‘சமநிலை’ வழங்குவதால், வினை நின்றுவிட்டது என்ற இரண்டாம் பிழையும் சேர்கின்றது. ‘இயங்கு சமநிலை’ என்னும் அடைமொழித் தொடர் இதற்கு மருந்து. அதனை ஒருமுறை விளக்கிவிட்டுப் பின்னர் வெறுஞ்சொல்லையே ஆளும் வழக்கத்தினால் மருந்து வீணாகின்றது. அடைமொழியை இயல் முழுவதும் விடாது ஆளல் வேண்டும்.

கலைச்சொல் தெளிபொருள் உடையதாதல் வேண்டும் என்பது நம் கலைச்சொல்லாளர் அனைவரும் ஏற்ற கொள்கை. மேற்கண்டது அதன் மறுபக்கம். தில்லியில் கிட்வாய் நகர், இலட்சுமிபாய் நகர் போன்ற குடியிருப்புகளில் வளர்ந்து ஆங்கிலத்தில் வேதியியல் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சு இங்குக் கருதத்தக்கது. ‘ஈக்விலிப்ரியம் வந்திடும்’, ‘ரியாக்ஷன் நடக்கும்’ என்கின்றனர். பெயர் கடன், வினைச்சொல் தமிழ். இக்கலப்பைக் கண்டு வருந்துவோர் உளர். எனக்கு அதில் கவனத்தை ஈர்ப்பது, பெயர் எதையும் முன்கூட்டிச் சொல்லாதிருக்க, நிகழ்வின் இயல்பை ‘வருதல்’, ‘நடத்தல்’ என்னும் தமிழ் வினைகளே ஏற்கின்றன என்பதுதான். பாடநூலார் ‘என்தால்பி’யை ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டதும் இக்காரணத்தாலேயே தக்கதாகின்றது, இலங்கையாரின் ‘வெப்பவுள்ளுறை’ அழகிய சொல்லெனினும், பொருளுக்குள் வெப்பம் உறைந்து கிடக்கின்றது என்னும் பழங்கருத்தை மாணவர் மனத்தில் பதிக்கும்.

‘தன்னிச்சை’ என்ற சொல் இன்னும் கடுமையான கண்டனத்திற்கு உரியது. வெப்ப இயக்கவியலில் தானே நிகழக்கூடிய மாற்றத்தை இது குறிக்கின்றது. ‘இச்சை’ என்பது விருப்பம். மூலக்கூறுக்கு விருப்பமில்லை என்பதை விட்டுவிடலாம். வேகத்தைப் பற்றிய பிழைக்கருத்தே தீங்கானது. 25 பாகை செல்சியசில் வைரம் கிராஃபைட்டாக மாறுவது இவ்விலக்கணப்படி ‘தன்னிச்சை’ மாற்றம். ஆற்றல் வேறுபாடு மோலுக்கு ஏறத்தாழ 2.9 கிலோஜூல். ஆயினும் எவருடைய வைரமோதிரமும் கரியாவதில்லை. இந்தியில் ‘ஸ்வதஃ’ என்று, ‘தானாக’ என்னும் பொருளில் நிறுத்திக்கொண்டனர். ‘தானியல் மாற்றம்’ போன்றதொரு சொல் நமக்கும் போதும். ‘கட்டிலா ஆற்றல்’ என்பதும் அவ்வாறே. பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் ‘கட்டற்ற’ என்னும் அடையையே விலக்கிக் ‘கிப்ஸ் ஆற்றல்’ எனப் பரிந்துரைத்துள்ளது. மூலத்தில் கைவிடப்பட்ட அடையை நாம் சுமப்பானேன்?

பொருந்தாச் சொல் ஒருபுறமிருக்க, ஒரு சொல்லே இரு கருத்துகளுக்கு வருதலும் உண்டு. அணு அமைப்பில் எலக்ட்ரான் உயர்ந்த நிலைக்குச் செல்லுதல் ‘கிளர்வு நிலை’. வினைவேகவியலில் வினை நிகழத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலோ ‘கிளர்வு ஆற்றல்’. இவை இரண்டும் தொடர்பற்ற கருத்துகள். இலங்கையார் முன்னதற்கு ‘அருட்டல்’ என்றும் பின்னதற்கு ‘ஏவற்சக்தி’ என்றும் பிரித்தாண்டனர். மாறாக, ‘வினைவேக மாற்றி’ தமிழ்நாட்டார் ஆக்கங்களுள் மிகச் சிறந்தது. நீளமெனினும், அது வேகத்தை மட்டுமே மாற்றும், சமநிலையின் இருப்பிடத்தை மாற்றாது என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துள்ளது. இரும்பைச் சேர்ப்பதனால் அம்மோனியா விரைவில் கிடைக்குமேயன்றிச் சமநிலையில் மிகுதியாகக் கிடைக்காது. ‘ஊக்கி’ என்னும் இலங்கை வழக்கில் இத்தெளிவு இல்லை.

சொல்லினும் தொடர் பெரிது. லீ சாட்லியர் 1884இல் வகுத்த தத்துவத்தைத் தமிழிற் கூறும் முறைக்கு மாதிரியாக ஒரு தொடரை அமைத்துக் காட்டுகின்றேன்: ‘சமநிலையில் உள்ள ஓர் அமைப்பின்மீது செயற்படுத்தப்படும் மாறுதலினால் ஏற்படும் விளைவை ஈடுசெய்யும் திசையில் சமநிலை நகரும்.’ ‘உள்ள’, ‘செயற்படுத்தப்படும்’, ‘ஏற்படும்’, ‘ஈடுசெய்யும்’ எனப் பெயரெச்சங்கள் நான்கு ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பெற்றுள்ளன. முற்று வரும்வரை மாணவன் அனைத்தையும் நினைவில் தாங்க வேண்டும். இடப்புறம் கிளைக்கும் நம் மொழியின் இயல்புக்கு ஆங்கிலத் தொடரின் அளவைப் பொருத்துவதால் நேர்வது இது. ‘அமைப்பு ஒன்று இயங்கு சமநிலையில் உள்ளது. அதன் அழுத்தத்தைக் கூட்டுகின்றோம். அப்போது வாயு மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையும் பக்கமாக வினை மிகும்’ என மூன்று தொடராக்கினால் இழப்பு ஏதுமில்லை. நான்கு மூலக்கூறுகள் இரண்டாகும் அம்மோனியா வினையை அடுத்து வைத்தால் விளக்கமும் முடிந்தது.

இவை ஏட்டளவு வாதங்கள் அல்ல. 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையுடையது என்னும் வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வினாவிற்கு 4 வீதம் 196 மதிப்பெண்கள் வழங்குமாறு சூலைத் திங்களில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுமாயின் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி. அஃதாவது, தமிழில் எழுதும் மாணவன் தான் படித்த வாசகத்திற்கன்றித் தான் படிக்காத வாசகத்திற்கு விடை கூறக் கடமைப்பட்டவனாகின்றான். கிட்வாய் நகரை ஒட்டியே அமைந்த அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் இளநிலை மருத்துவப் படிப்பிற்கும் 2020 முதல் இத்தேர்வே வாயில். நீதிமன்றத்திற்குச் சென்றது மதிப்பெண் பற்றிய வழக்கு. தமிழ் வடிவத்திற்குத் தனித்த தகுதி உண்டா என்னும் வினாவை மொழிபெயர்ப்பாளரும் மொழியியலாரும்தான் எழுப்ப வேண்டும். அதற்குப் பாடநூற் சொல்லும் வினாத்தாட் சொல்லும் ஒன்றாயிருத்தல் முதல் தேவை.

அச்சொல்லடைவை ஆக்குவோர் இலங்கை வழக்கையும் உடன் தருதல் நலம். நாம் ‘அழுத்தம்’ என்பதை அவர் ‘அமுக்கம்’ என்பர். நம் ‘நிலை ஆற்றல்’ அவர்க்கு ‘அழுத்த சக்தி’. யாழ்ப்பாணத்து நூலொன்றில் இத்தொடரைக் காணும் மதுரை மாணவன் அதனை வாயுவின் அழுத்தத்தோடு சேர்த்து வாசிப்பான். சொல் தெரியாதிருந்தால் அவன் அகராதியைப் புரட்டுவான். தெரிந்த சொல்லாதலின் புரட்டமாட்டான்.