சிவப்பு முடியும் தாலியும்

நிர்வாகச் சட்டம் படித்த எந்த மாணவியிடமும் கேட்டுப் பாருங்கள், சிவப்பு முடி ஆசிரியையைப் பற்றிச் சொல்வார். முடி சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஓர் ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கினால் அந்த முடிவை நீதிமன்றம் ரத்து செய்யலாம். 1947இல் இங்கிலாந்தில் முடிவான வெட்னஸ்பரி வழக்கில் கிரீன் பிரபு எடுத்துக்காட்டிய உதாரணம் இது. நியாய உணர்வுள்ள எந்த அதிகார அமைப்பும் எடுக்கத் துணியாத முடிவு என்றால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்ற அளவுகோலை அந்த வழக்கு தந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் நீதிப்புனராய்வுப் பாடம் அதைத் தொடாமல் முடிவதில்லை.

இந்த ஆசிரியை எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி மட்டும் வகுப்பில் எழுவதில்லை. கிரீன் பிரபு அவரைக் கற்பனை செய்யவில்லை. 1926ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ள ஷார்ட் எதிர் பூல் நகராட்சி வழக்கில், நீதிபதி வாரிங்டன் சொன்ன உதாரணத்தைத்தான் அவர் எடுத்தாண்டார். அந்த வழக்கைத் தொடுத்தவரும் ஓர் ஆசிரியை. அவர் வேலை இழந்ததற்கு முடியின் நிறம் காரணமல்ல, திருமணம்தான் காரணம். மணமான பெண்ணின் முதல் கடமை வீடு, அவளைக் காப்பாற்றக் கணவன் இருக்கிறான், வேலைக்காக மணமாகாத பெண்கள் காத்திருக்கிறார்கள் என்றது நகராட்சி. கீழ் நீதிமன்றம் ஆசிரியையின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ நகராட்சியின் முடிவில் தவறில்லை என்றது.

ஆக, முடியின் நிறத்துக்காக நீக்கினால் அபத்தம், திருமணத்துக்காக நீக்கினால் கொள்கை. நியாயமின்மைக்கு நாம் மனப்பாடம் செய்யும் உதாரணம், ஒரு பெண்ணின் வேலையைப் பறித்ததை ஏற்றுக்கொண்ட தீர்ப்பிலிருந்து வந்தது. உதாரணம் பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டது. வழக்குத் தொடுத்தவரைக் காணோம்.

அன்றைய நீதிபதிகள் அப்படித்தான் இருந்தார்கள் என்பார்கள். நிர்வாகத்தின் கொள்கை முடிவில் நீதிமன்றம் நுழையாது, முடிவு எடுக்கப்பட்ட முறையை மட்டுமே பார்க்கும் என்றும் விளக்குவார்கள். இந்தக் கட்டுப்பாட்டுக்கு மதிப்பு உண்டு. தேர்தலில் வென்று வந்தவர்களின் முடிவையெல்லாம் நீதிபதிகள் மாற்றி எழுத ஆரம்பித்தால் அதுவும் ஆபத்துதான். ஆனால் அதே காலத்து இன்னொரு வழக்கில் இந்தக் கட்டுப்பாடு எங்கே போனது?

கிழக்கு லண்டனின் பாப்லர் நகரமன்றம் தன் தொழிலாளர்களுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, வாரத்துக்குக் குறைந்தது 4 பவுண்டு கூலி என்று தீர்மானித்தது. அதைச் செய்தவர்களும் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள்தான். 1925இல் ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட் வழக்கில் பிரபுக்கள் சபை அதைச் சட்டவிரோதம் என்றது. விசித்திரமான சோஷலிசத் தாராளமும், கூலியில் ஆண் பெண் சமத்துவம் காணும் பெண்ணிய ஆசையும் கவுன்சிலர்களைத் தவறாக வழிநடத்திவிட்டதாக அட்கின்சன் பிரபு தம் தீர்ப்பில் குறைகூறினார். மணமான பெண்ணை வெளியேற்றும் நகராட்சியிடம் காட்டிய அடக்கத்தை, சமக்கூலி கொடுத்த நகரமன்றத்திடம் நீதிமன்றம் காட்டவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவிக்கு, 'நியாயம்' என்ற சொல்லுக்குள் யாருடைய வீடும் யாருடைய சம்பளமும் இருக்கின்றன என்பதை யாரும் தனியே விளக்க வேண்டியதில்லை.

அந்த அளவுகோல் கடல் கடந்து வந்த பிறகு என்ன ஆனது என்பதற்கு 1981ஆம் ஆண்டின் ஏர் இந்தியா எதிர் நர்கீஸ் மிர்சா வழக்கு நல்ல சான்று. விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் செய்தால் வேலை போகும். முதல் கருத்தரிப்பிலும் போகும். பணிக்காலத்தை நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம். அதே விமானத்தில் வேலை செய்த ஆண்களுக்கோ ஓய்வு வயது 58. உச்ச நீதிமன்றம் கருத்தரிப்பு விதியை ரத்து செய்தது. வழிகாட்டும் நெறி ஏதுமில்லாத இயக்குநரின் அதிகாரத்தையும் ரத்து செய்தது. தேர்வில் நாம் எழுதுவது இந்தப் பகுதியைத்தான்; தன்விருப்ப அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதற்கு அருமையான மேற்கோள். ஆனால் திருமணத் தடையை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. சற்றுத் தாமதமாக மணந்தால் பெண் முதிர்ச்சி பெறுவாள், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அது உதவும் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சில. இயக்குநரின் விருப்பத்தைத் தன்னிச்சை என்று கண்டுகொண்ட கண்ணுக்கு, விதியாக எழுதிவைத்த விருப்பம் தெரியவில்லை. பூல் நகராட்சியின் வாதம் வேறு உடையில் திரும்பி வந்திருந்தது.

அளவுகோலே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது வேறு விதமாகவும் வேலை செய்யும். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை நிறைவேற்ற ராணுவம் வகுத்த மதிப்பீட்டு முறை 2021இல் நிதிஷா வழக்கில் சவாலுக்கு உள்ளானது. ஆண்கள் தங்கள் பணியின் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில் காட்டிய உடல்தகுதியை, பல ஆண்டு பணியாற்றி முடித்த பெண்களிடம் இன்று எதிர்பார்த்தார்கள். பெண்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்க வாய்ப்பே இல்லை என்றிருந்த காலத்தில் அசிரத்தையாக எழுதப்பட்ட ரகசிய அறிக்கைகளை வைத்தே அவர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். காகிதத்தில் எல்லாருக்கும் ஒரே விதி. நீதிமன்றம் அத்துடன் நிற்காமல், அந்த அறிக்கைகள் எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்று பார்த்து, இது மறைமுகப் பாகுபாடு என்றது. கோப்பு உருவான கதையைக் கேட்டதால்தான் அநீதி தெரிந்தது.

வழக்குகளை நாம் படிக்கும் முறைக்கும் அதே கேள்வி பொருந்தும். தலைப்பு, தத்துவம், ஒருவரி முடிவு என்று வழக்குகளைச் சுருக்கி வைத்துக்கொண்டால் மதிப்பெண் கிடைக்கும். அப்படிப் படித்தவர்கள்தாம் நாளை விதிகளை எழுதுவார்கள், மனுக்களை வாதாடுவார்கள், தீர்ப்பும் சொல்வார்கள். வெட்னஸ்பரி நடத்தப்படும் நாளில் பூலையும் பாப்லரையும் நடத்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். மறுத்தால் நூலகத்தில் நீங்களே எடுத்துப் படியுங்கள். இல்லாத ஆசிரியையின் முடி நிறம் நமக்குத் தெரியும். வேலை இழந்த ஆசிரியையின் பெயரையும் தெரிந்துகொள்வோம். திருமதி ஷார்ட், வழக்கின் தலைப்பிலேயே இருக்கிறது.