கிராப்பிலிருந்து புள்ளிங்கோ வரை

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தவர்கள் கள்ளர்கள். ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தன் புத்தகத்தில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. இவற்றுக்கு நடுவே ஒன்று: தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

நகையைத் தடுத்தான், சரி, அது சொத்து. மசுரை எதுக்குத் தடுத்தான்? குடுமி போய்க் கிராப்பு வந்துவிட்டால் தெருவில் எதிரே வருகிறவன் யாரென்று தெரியாமல் போய்விடும். சாதி முதலில் கண்ணால் வேலை செய்கிறது. பார்த்த மாத்திரத்தில் ஆளைத் தரம் பிரிக்க முடியவில்லை என்றால் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும்.

இந்தப் பின்னணி இல்லாமல் 'புள்ளிங்கோ' என்ற சொல்லைப் பேச முடியாது. வடசென்னையில் 'நம்ம புள்ளைங்க' என்பதை அன்பாக நீட்டிச் சொன்னால் புள்ளிங்கோ. கானா ஸ்டீபனின் 'கும்பலாக சுத்துவோம்' பாட்டு செல்போன்களில் பரவியபோது சொல்லும் ஊரைத் தாண்டியது. தாண்டியதும் அர்த்தம் திரிந்தது. பக்கவாட்டில் மழித்து உச்சியில் செம்பட்டை அடித்த முடி, கணுக்காலைப் பிடிக்கும் பேண்ட், டியோ வண்டி: இவையெல்லாம் சேர்ந்தால் புள்ளிங்கோ, புள்ளிங்கோ என்றால் பொறுக்கி, செயின் அறுப்பவன், கஞ்சா. மீம்ஸ் போடுகிறவர்கள் கேலியாகச் சொன்னதையே செய்திச் சேனல் பின்னணி இசையோடு சொன்னது. டிக்டாக்கில் ஆடிய பையன்களை யூடியூப்காரர்கள் வரிசையில் நிறுத்தி 'வறுத்தார்கள்'. 2020 ஜூனில் அந்தச் செயலி தடைசெய்யப்பட்டபோது 'தொல்லை விட்டது' என்று கைதட்டியவர்களின் சந்தோஷத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். யாருடைய முகம் திரையில் தெரியாமல் போனதற்காக இத்தனை நிம்மதி?

புள்ளிங்கோ எல்லாரும் தலித் பையன்கள் இல்லை. மீனவர் குப்பத்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், பிற்படுத்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. வெளி மாவட்டங்களில் எவனெவனோ அந்த முடியை வெட்டிக்கொண்டான். ஆனால் திட்டுகிறவனின் மனசில் இருக்கிற படம் சேரிப் பையனின் படம்தான். சாதிப் பெயர் சொன்னால் வன்கொடுமை வழக்கு வரும். புள்ளிங்கோ என்று சொன்னால் சிரிப்புதான் வரும். வசதியான சொல்.

பண்பாட்டு ஆய்வில் இதற்குக் கோட்பாடெல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தில் மாட், ராக்கர் என்ற இளைஞர் கூட்டங்களைப் பத்திரிகைகள் எப்படிப் பூதமாக ஊதின என்று ஸ்டான்லி கோஹன் 1972இல் எழுதினார். டிக் ஹெப்டிஜ் 1979இல் பங்க் இளைஞர்களைப் பற்றி எழுதியபோது, இப்படிப்பட்ட கலகத்தை மையச் சமூகம் இரண்டு விதமாக விழுங்குகிறது என்றார்: ஒன்று அதைச் சரக்காக்கிக் கடையில் விற்பது, மற்றொன்று அதைச் சிரிப்புப் பொருளாகவோ சாதாரணமாகவோ ஆக்கிவிடுவது. நல்ல வாதம். இங்கேயும் பொருந்துகிறது. ஆனால் அரைவாசிதான் பொருந்துகிறது. லண்டன் பங்க் இளைஞன் ஊக்கைக் காதில் குத்தி மரியாதையை உதறினான். அவனுக்கு உதற ஒரு மரியாதை இருந்தது. நம்ம பையன் மொத மொத ஜீன்ஸ் மாட்டும்போது எதையும் உதறவில்லை, கேட்கிறான். அங்கே அலங்கோலம் கலகம். இங்கே நல்லா உடுத்துவதே கலகமாகிப் போகிறது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகள் எரிக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். வன்னியப் பெண் ஒருவர் தலித் இளைஞர் இளவரசனைக் கல்யாணம் செய்துகொண்டார், பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார், அதன் பேரில் நடந்த வெறியாட்டம். அதையொட்டிப் பாமக நிறுவனர் ராமதாஸ் பேசியது பத்திரிகைகளில் வந்தது: தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேண்ட், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்களாம். 'நாடக காதல்' என்ற சொல்லும் இந்தப் பேச்சோடு சேர்ந்துதான் ஊரெல்லாம் போனது. 2013 ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தண்டவாளத்தோரம் கிடந்தது. கிராப்பு கூடாது என்று 1930இல் சொன்னவனுக்கும் கூலிங் கிளாஸைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்தவருக்கும் இடையே எண்பது வருசம். குடிசையைக் கொளுத்துவது மட்டும் மாறவில்லை. அதனால்தான் மீம்ஸைப் பார்த்து என்னால் 'சும்மா தமாஷ்' என்று போக முடியவில்லை.

சினிமா செய்தது வேறு. கானாவின் முக்கியமான இடம் சாவு வீடு. ராத்திரி முழுக்கப் பிணத்துக்குப் பக்கத்தில், சட்டியோ மேசையோ கைக்குக் கிடைத்ததில் தாளம் தட்டிப் பாடுவது. செத்தவனின் பேர், அவன் வேலை, அவன் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் பாட்டில் வரும். சினிமா அதிலிருந்து பிணத்தை எடுத்துவிட்டுச் சாராயத்தை மட்டும் வைத்துக்கொண்டது. தொண்ணூறுகள் முழுக்க கானா என்றால் கதாநாயகனும் தோழர்களும் ஆடும் பாட்டு. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டுக்குத் தமிழ்நாடே ஆடியது. பாட்டு பிடித்தது, பாட்டு வந்த பேட்டை பிடித்ததா? கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அந்தப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூவம் கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டுபோய்ப் போட்டது அரசாங்கம், கெட்ட பேர் மட்டும் புள்ளைங்களுக்கு.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானா பாடுகிறவர்கள் கோட்டு சூட்டு போட்டு நின்றார்கள். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழிச் சாவு என்று பாடினார்கள். பலர் அம்பேத்கரின் கோட்டை நினைத்தார்கள். எனக்கு இராமநாதபுரத்துத் தடைப் பட்டியல் ஞாபகம் வந்தது. அதே பாட்டு, அதே குரல். உடுப்பு மாறியதும் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. கலர் முடியோடு வியாசர்பாடி முனையில் பாடுகிறவனுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. மேடை வேண்டாம் என்று சொல்லவில்லை. முனையில் இருப்பவனையும் கலைஞனாகக் கேட்கிற காது எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

நம்மாளுங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' நூலில் அடங்க மறுப்பதைப் பண்பாடாகப் பார்க்கச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு கும்பலின் எல்லாச் சேட்டையையும் கலகம் என்று தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை. காதலை மறுத்த பெண்ணைக் கேவலமாகத் திட்டும் கானாக்கள் ஏராளம். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவள் நம்ம தங்கச்சிதான். புள்ளிங்கோ என்ற சொல்லில் அவள் இல்லவே இல்லை. டிக்டாக்கில் அவள் ஆடியபோது ஊரான் திட்டியதைவிட அண்ணன்காரன் அடித்தது அதிகம். அவளுக்கென்று ஒரு முனை இந்தப் பேட்டைகளில் எங்கே இருக்கிறது என்று பையன்கள் யோசிக்கட்டும்.

மரண கானா பாடும் பெரியவர்களின் பாட்டுகள் செல்போனிலும் ஞாபகத்திலும் கிடக்கின்றன. பேட்டைப் பிள்ளைகள் அவற்றை எழுதி, யார் சாவுக்கு யார் பாடியது என்ற விவரத்தோடு அனுப்பினால் இந்தப் பக்கங்களிலேயே போடலாம். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.