நரைமூதாட்டி என்ன சொன்னாள்?

அண்மையில் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், முகத்திரை போக்க ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களைச் சாடவந்த நண்பர் ஒருவர் மணிமேகலையின் 20-ஆம் காதையைத் துணைக்கு அழைத்தார். காயசண்டிகை வடிவிலிருந்த மணிமேகலை, தன்னைத் தொடர்ந்துவந்த உதயகுமரனுக்கு நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டி யாக்கையின் நிலையாமையைக் கூறும் பகுதி அது. கருமணல் போன்ற கூந்தல் வெண்மணலாயிற்று, பிறைநுதல் திரைந்த தோலாயிற்று, வில்லனைய புருவம் உலர்ந்த இறாலாயிற்று, முத்துப்பல் சுரைவித்தாயிற்று. அவை சிரித்தது. காய்ந்த இறால் என்றதும் கிள்ளானிலிருந்து வந்தோர் சிரித்ததைச் சொல்லவும் வேண்டுமோ! முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் எழுந்து, "அந்தக் கிழவி என்ன சொன்னாள், ஐயா?" என்று கேட்டார்.

விடை வரவில்லை. நெடுங்காலம் அப்பகுதியைக் கற்பித்த எனக்கும் அவ்வினா தோன்றியதில்லை. கிழவி ஒன்றும் சொல்லவில்லை என்பதே உண்மை. சாத்தனார் அவளை நிறுத்தினார், காட்டினார், அப்பால் சென்றார்.

நம் முன்னோர் மூப்பைப் போற்றினர், ஊசியோ மேலைநாட்டு மோகம் என்று நண்பர் முடித்ததும் பொருந்தாது. மெய்ப்பாட்டியலில் இளிவரலின் நிலைக்களன் நான்கனுள் மூப்பைத்தான் தொல்காப்பியர் முதலில் வைத்தார். பிணி, வருத்தம், மென்மை எல்லாம் அதன் பின்னரே. மூப்புக்கு நாணுதல் தமிழுக்குப் புதிதன்று.

ஊசி மருந்தின் கதையையும் அறிந்து பேசுதல் நன்று. கெட்ட இறைச்சிக் குழலுண்டோர் இறந்ததை ஆராய்ந்து, 1820-களில் கெர்னர் என்னும் ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த நஞ்சுதான் அது. நரம்பு தசைக்கு விடும் ஏவலை அது தடுக்கிறது. அமெரிக்காவில் 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் ஒப்புதல் பெற்றது. புருவங்களின் இடைக்கோட்டுக்கு 2002-இல்தான் ஒப்புதல் வந்தது. மூன்று நான்கு திங்களில் பயன் தேய்ந்துவிடும். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று பெற்ற மருத்துவரே இதனை இடலாம். அழகு நிலையங்களில் மலிவாகப் போட்டுக்கொள்வதை நண்பர் கண்டித்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

கிள்ளானில் ஒரு மருத்துவ நிலையச் சுவரில் பெண்முகப் படம் கண்டேன். நெற்றி, புருவ இடை, கடைக்கண், வாயோரம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. சாத்தனாரும் இவ்வாறே உறுப்புறுப்பாக இறங்குகிறார். அவர் உடல்மேல் வெறுப்பூட்டுகிறார், நிலையத்தார் ஆசையூட்டுகின்றனர். நோக்கம் முற்றும் வேறு, நோக்குமுறை ஒன்றே. முகத்துக்குரியவள் இரண்டிலும் வாய் திறப்பதில்லை. உவமைகளின் கூர்மையை யான் மறுக்கவில்லை. துறவுரைக்கென அமைந்த பகுதியை எடுத்து ஆசிரியையரை எள்ளுவதே பிழை.

புறநானூற்றில் மூத்தோர் தாமே பேசுகின்றனர். 243-இல் தண்டூன்றி இருமும் முதியவர், மடுவில் குதித்த தம் இளமையைத் தாமே எண்ணி இரங்குகிறார். அதனினும் ஈண்டு வேண்டுவது காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278. நரம்பெழுந்து வற்றிய தோளை அப்பெண்பாற் புலவரும் மறைக்கவில்லை. ஆயினும் ஒரே வீச்சில் அதைச் சொல்லிவிட்டு அம்மூதாட்டியை நடக்க விடுகிறார். மகன் புறங்கொடுத்தான் எனப் பலர் கூறக்கேட்டுச் சினக்கிறாள். அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுப்பேன் என்கிறாள். வாளேந்திக் களம் புகுந்து பிணங்களைப் புரட்டுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற பொழுதினும் உவக்கிறாள். சினமும் உவகையும் தோன்றும் அம்முகத்தில் திரை எத்தனை என்று எண்ண நமக்கு நேரமில்லை.

கூட்டம் கலைந்தபின் அவ்வாசிரியையிடம் இப்பாட்டைக் கூறினேன். கேட்டுவிட்டு, "நானும் இருமுறை போட்டுக்கொண்டேன், ஐயா. எப்போதும் கோபமாக இருக்கிறீர்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள், அதற்காகத்தான்" என்றார். அடுத்த தவணையில் 20-ஆம் காதையை நடத்தும்போது 278-ஐயும் உடன் வைத்து நடத்த எண்ணியுள்ளேன்.