விண்வெளிக் காந்தமானிப் பரம்பரைகள்: சில எண்ணங்கள்

நம் துறையின் பரம்பரைகளைப் பற்றி எழுதித் தரும்படி நம் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். மூத்தவர்கள் இருக்கும் சபையில் நான் முந்திக்கொள்வது முறையல்ல. அவர்களே சொன்ன பிறகு மறுக்க வழியில்லை. ஃப்ளக்ஸ்கேட்டின் அடிப்படையை இம்மலரின் வாசகர்களுக்கு விளக்கப் போவதில்லை.

1959-இல் லூனா 2 கலத்தில் டோல்கினோவின் காந்தமானியும் கிரிங்காவுஸின் அயனிப் பொறிகளும் சேர்ந்தே ஏறின. காந்தத்தையும் பிளாஸ்மாவையும் ஒருங்கே அளக்க வேண்டும் என்ற நெறி அன்றே வந்துவிட்டது. பிரிட்ஜ், ராஸி வழிவந்த எம்.ஐ.டி.யின் ஃபாரடே கிண்ணம், 1962-இல் மரைனர் 2 வழியே சூரியக் காற்று இடைவிடாமல் வீசுவதைக் காட்டிய நியூகெபவர்–ஸ்னைடர் கருவி, ஜே.பி.எல்.லில் ஸ்மித் வளர்த்த ஹீலியம் காந்தமானி, அயோவாவில் குர்னெட்டின் பிளாஸ்மா அலைக் கருவி என ஒவ்வொன்றும் தனிப் பாணி. எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் அதிகம் சொல்ல வேண்டியது கோடார்டு பாணியைப் பற்றி. எங்கள் ஆசிரியர் மனதால் அங்கிருந்த நார்மன் நெஸ்ஸின் சீடர். ஐ.எம்.பி.-1 கலத்தின் அளவீடுகளைக் கொண்டு பூமியின் காந்த வாலை நெஸ் வரைந்து காட்டியதை வகுப்பில் அவர் சொல்லாத ஆண்டில்லை. ஒரே பூமில் இரண்டு உணரிகளை வெவ்வேறு தொலைவில் வைத்து, இரண்டின் வித்தியாசத்திலிருந்து கலத்தின் சொந்தக் காந்தத்தைக் கழித்துவிடும் உத்தி நெஸ் குழுவினுடையது. மரைனர் 10 புதனின் காந்தப்புலத்தைக் கண்டது அந்த உத்தியோடுதான். இன்று ஆதித்யா-எல்1 கலத்தின் ஆறு மீட்டர் பூமில் நுனியில் ஒன்றும் மூன்று மீட்டரில் ஒன்றுமாக ஃப்ளக்ஸ்கேட்கள் இருப்பதும் அதே வழிதான்.

தும்பா ராக்கெட்டுக் காலத்தில் வளர்ந்தவர் எங்கள் ஆசிரியர். காந்த நடுக்கோட்டை ஒட்டிய அந்தக் கடற்கரையிலிருந்து டி.எஸ்.ஜி. சாஸ்திரி புரோட்டான் காந்தமானியையும் சத்ய பிரகாஷ் குழுவினர் லாங்மூர் புரோபையும் ஏற்றியதைப் பக்தியோடு நினைவுகூர்வார். கலத்தில் ஏறும் ஒவ்வொரு திருகையும் உணரிக்கு முன்னால் சுழற்றிப் பார்க்காமல் பொருத்த விடமாட்டார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே முறுக்குக் கம்பியில் போகின்றனவா என்று கையால் தடவிப் பார்ப்பார். சாவிக்கொத்தோடு சோதனை அறைக்குள் நுழைந்தவர் அன்று முழுதும் வெளியில்தான்.

எல்1-இல் சூரியக் காற்றின் காந்தப்புலம் வழக்கமாக ஐந்து நானோடெஸ்லா அளவுதான். பூமியின் காந்த நடுக்கோட்டில் நம் காலடியில் இருப்பது ஏறக்குறைய நாற்பதாயிரம். அந்த ஐந்தில் உணரியின் சுழி ஒரு நானோடெஸ்லா பிசகினால், தெற்கு நோக்கிய புலம் வடக்கு என்று பதிவாகிவிடக்கூடும். காந்தப் புயல் வருமா வராதா என்பதே அந்தக் குறியைப் பொறுத்தது. சுழலும் கலத்தில் சுழற்சித் தளத்தின் இரு அச்சுகளுக்குச் சுழி தானே கிடைக்கும். மூன்றாவது அச்சுக்கு, ஆல்ஃவென் அலைகளில் புலத்தின் திசை மாறினாலும் அளவு மாறாது என்ற இயல்பைக் கொண்டு பொறுமையாகத் தேட வேண்டும். சுழி சேராத தரவில் ஆய்வு செய்வது சுருதி சேராத தம்பூராவில் ஆலாபனை செய்வதுதான்.

இன்றைய நிலை வருத்தம் தருகிறது. யாரையும் குறிப்பிடவில்லை, நன்றாக உழைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கருத்தரங்கில் அரை நானோடெஸ்லாவுக்கும் குறைந்த ஏற்றத்தைக் காட்டி ஒருவர் பெரிய முடிவு சொன்னார். சுழியை எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். ஃபைலில் அப்படித்தான் இருந்தது என்றார். சபையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை! எலெக்ட்ரான் அடர்த்தியைப் பேசுவோர் கலத்தின் சொந்த மின்னழுத்தத்தைக் கேட்பதில்லை. கலத்திலிருந்தே கிளம்பிய ஒளிஎலெக்ட்ரான்களைச் சூரியக் காற்றின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். காந்தத் தூய்மைச் சோதனைக்கு நாள் கேட்டால் அட்டவணையில் இடமில்லை என்கிறார்கள். தன் கையால் ஒரு சுருளும் சுற்றாதவர்கள் முனைவர் ஆகிறார்கள். இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறையில் விண்வெளியில் எந்த எண்ணையும் நம்ப முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து நம் துறைக்கு வேறில்லை என்பேன்.

பெரியவர்களின் நிதானத்துக்கு வாயேஜர் 1 சாட்சி. 2012 ஆகஸ்டில் காந்தப்புலம் வலுத்தது, திசை மட்டும் ஏறக்குறைய மாறவில்லை. அதன் பிளாஸ்மா கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது. அதனால் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று பர்லாகாவும் நெஸ்ஸும் அவசரப்படவில்லை. 2013-இல் குர்னெட்டின் அலைக் கருவி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.08 எலெக்ட்ரான் என்று அடர்த்தியைக் காட்டிய பிறகுதான் பேச்சு முடிவானது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் ஆசிரியரின் அளவுத்திருத்த நோட்டுகள் அவர் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. மற்ற மூத்தவர்களுடையவையும் அப்படியே இருக்கும். அவற்றைச் சங்கம் வாங்கி நூலகத்தில் வைத்து, ஆண்டுக்கூட்டத்தன்று ஒரு மணி நேரமாவது இளையவர்கள் கையில் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.